சொளவும் பரணும்

"இத ஆன் பண்ணிப் போட்டுட்டு, சோத்த வடிச்சி எறக்கிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் கெடக்கும்" என்றார் அந்த அம்மா.

கீழப்பாவூரில் பெரியகுளத்துப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் காற்றோடு காற்றாக இங்கே வரைக்கும் எட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் மடியில் சொளவு, அதாவது முறம். அதில் வெட்டிய பீடி இலை, ஒரு ஓரமாகத் தூள், நூல்கண்டு, கத்திரி. பக்கத்தில் மகளின் மடியில் ஒரு மடிக்கணினி. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறாள். பாடக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், வகுப்பு வீடியோக்கள் எல்லாம் அதில்தான். நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் அம்மா இரண்டு கட்டுப் பீடி சுற்றி முடித்துவிட்டார். திரையில் நீலப் புள்ளிகள் வட்டமிட்டபடியே இருந்தன.

அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த கணினி அது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்ய, அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் மாணவர்கள் கைக்கு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. முதல் தவணை இயந்திரங்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், 14 அங்குலத் திரை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற சிறிய பதிப்பும், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. தென்காசி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். இன்றைக்கு அவற்றில் பல பீரோவின் மேல் துணி சுற்றிக் கிடக்கின்றன. "ஸ்லோ ஆயிட்டு" என்பது ஒன்றே காரணம்.

எனக்கு அந்தச் சொல்லில்தான் சண்டை. மாடு கிழடாகும், மனிதர் தளர்வார். ஒரு பிராசசர் அப்படித் தளர்வதில்லை. 2011-இல் ஒரு விநாடிக்கு எத்தனை கோடிக் கணக்குப் போட்டதோ, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் இன்றும் அத்தனையே போடும். ஆக, மெதுவாகிவிட்டது என்றால் அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்கென்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பது.

"ஃபார்மட் போட்டா சரியாயிருமா அண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. ஃபார்மட் போட்டால் பெரும்பாலும் சில வாரங்களுக்குச் சரியாகும். ஆனால் எது படுத்தியது என்பதும் சேர்ந்து அழிந்துபோகும். அதே மென்பொருள்களை மறுபடி ஏற்றினால் ஆறு மாதத்தில் அதே திண்ணை, அதே கேள்வி. முதலில் பார்ப்போம் என்றேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அது வரவே ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. வந்ததும் மேலே மூன்று எண்கள்: சிபியு 14 சதவீதம், மெமரி 93, டிஸ்க் 100.

அந்த 100-ஐப் பார்த்துத்தான் போன மாதம் அக்கா கல்யாண போட்டோக்களை அழித்திருக்கிறாள். டிஸ்க் 100 என்றால் நிறைந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். இந்த ஒரு தவறான புரிதலால் எத்தனை வீட்டுப் படங்கள் போயிருக்கும் என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது. அந்த எண்ணுக்கும் காலி இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடந்த சில கணங்களில் டிஸ்க் எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. 100 என்றால் ஒரு கணம்கூட ஓய்வில்லை. ஆனால் அதே திரையில் சற்றுக் கீழே பார்த்தேன்: ஓய்வே இல்லாத அந்த டிஸ்க் நகர்த்திய தகவல் விநாடிக்கு ஒரு எம்பிகூட இல்லை. பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 60, 70 எம்பி தரக்கூடிய டிஸ்க்தான் அது. முதுகொடிய வேலை செய்தும் ஒன்றும் நகரவில்லை. ஏன்?

மடிக்கணினி ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கே படிக்கும் முனை நகர்ந்து போக ஏறக்குறைய 12 மில்லி விநாடி. போன பிறகு அந்த இடம் முனைக்குக் கீழே சுற்றி வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது இன்னும் ஐந்தரை. மொத்தம் 17 மில்லி விநாடி சொச்சம். அப்படியானால் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்குச் சுமார் 60 தடவைதான் எடுக்க முடியும். ஒவ்வொரு தடவையும் 4 கேபி எடுத்தால் விநாடிக்கு 240 கேபி. ரேமில் இருந்து அதே துண்டைத் தொட ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும்.

மில்லி, நானோ என்று சொன்னால் மனத்தில் ஒட்டாது. அந்த அம்மாவின் சொளவைப் பாருங்கள். கை நீட்டினால் இலை; ஒரு விநாடி. அது ரேம். சொளவில் இலை தீர்ந்தால் எழுந்து பரணில் ஏறி இலைக்கட்டை இறக்க வேண்டும். அது ஹார்டு டிஸ்க். சொளவில் இருந்து எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் பரணுக்குப் போய்வர 1,70,000 விநாடி. 47 மணி நேரம். ஒரே ஒரு இலைக்கு ஏறக்குறைய இரண்டு நாள்.

ஆயிரம் இலைக்கு ஒரு தரம் பரண் ஏறினால் அதைச் சமாளித்துவிடலாம். சொளவே கொள்ளாத அளவுக்கு ஏற்கெனவே சாமான் கிடந்தால்தான் வினை. ஒரு இலையை வைக்க இன்னொன்றை எடுத்துப் பரணில் வைக்க வேண்டும். அடுத்த நொடி அந்த இன்னொன்றுதான் தேவைப்படும். நாள் முழுக்க ஏறி இறங்கியே கழியும். ஒரு பீடிகூட முடியாது.

இது ஏதோ நம் ஊர்க் கணினிகளுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. ரேம் போதாவிட்டால் டிஸ்க் போன்ற மெதுவான சேமிப்பகத்தையே நீட்டிய ரேமாகக் காட்டும் உத்தி 1962-இல் மான்செஸ்டரில் அட்லஸ் என்ற கணினியில் வந்தது. அருமையான உத்திதான், இன்றைய ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் அதன் வாரிசு ஓடுகிறது. ஆனால் அறுபதுகளில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய பெரிய கணினிகளில் ஒரு விசித்திரம் நடந்தது. பயனாளர்கள் ஒவ்வொருவராகக் கூடும்போது வேகம் சிறிது சிறிதாகக் குறையவில்லை. ஒரு கட்டம் வரை நன்றாகவே ஓடி, இன்னும் ஒரே ஒருவர் சேர்ந்ததும் மொத்தமாகச் சரிந்தது. பீட்டர் டென்னிங் 1968-இல் இதற்கு விளக்கம் தந்தார். ஒவ்வொரு நிரலுக்கும், அண்மையில் தொட்ட, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே தீர வேண்டிய நினைவகத் துண்டுகள், அதாவது பக்கங்கள் என்று ஒரு தொகுப்பு உண்டு. ஓடும் நிரல்களின் தொகுப்புகளைக் கூட்டினால் வரும் அளவு ரேமுக்குள் அடங்கும் வரை ஒன்றும் தெரியாது. ஒரு பிடி கூடினால், நிரல்கள் ஒன்றின் பக்கத்தை மற்றொன்று வெளியே தள்ளத் தொடங்கும். பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, டிஸ்க் மட்டும் அலறும். நான் இதை அலைக்கழிப்பு என்பேன். சிபியு 14, டிஸ்க் 100 என்ற அந்த இரண்டு எண்களும் சேர்ந்து வருவது அதன் அடையாளம்.

டென்னிங் சொன்ன மருந்து எளியது: இடம் இல்லாவிட்டால் புது நிரலை உள்ளே விடாதே. நம் கைபேசிகள் ஓரளவு அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ரேம் குறைந்தால் பின்னால் கிடக்கும் செயலியை மூடிவிடும். மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் இயங்குதளம் அந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. கதவில் நின்று "இடமில்லை" என்று சொல்ல வேண்டியவர் நாம்தான்.

ஊகத்தில் நிற்கக்கூடாது என்பதால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தோம். விண்டோஸோடு வரும் கருவி. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருந்தே போகலாம். அதன் மெமரிப் பக்கத்தில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். பெயரைப் பார்த்துப் பழுது என்று பயப்பட வேண்டாம். ரேமில் இல்லாததால் டிஸ்க்குக்குப் போய் எடுத்த தடவைகள், அவ்வளவே. பரண் ஏறிய கணக்கு. எப்போதாவது எண் எழும்பி அடங்கினால் இயல்பு. எங்கள் திரையில் அது அடங்கவே இல்லை. டிஸ்க் பக்கத்திலோ எழுத்தும் படிப்பும் மிகுதியாகக் காட்டிய கோப்பு, ரேமில் இடமில்லாததை விண்டோஸ் எழுதி வைக்கும் பேஜ்ஃபைல். பரணேதான்.

சரி, சொளவை நிறைத்தது யார்? பட்டியலை ரேம் அளவின்படி அடுக்கினோம். இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று காசு கொடுத்து வாங்கிக் காலாவதியானது. இன்னொன்று வேறு எதையோ இறக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. நாம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஆன்டிவைரஸ் முதலில் தான் படித்துப் பார்த்துவிட்டே விடும். இரண்டு இருந்தால், ஒன்று படிக்கத் திறந்ததை மற்றொன்றும் படிக்கும். விநாடிக்கு 60 தடவை மட்டுமே போய்வரக்கூடிய டிஸ்க்குக்கு அது தாங்காத பாரம். அடுத்து, கணினியை வேகமாக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஒன்று. அது ஆன் செய்தவுடன் முழு டிஸ்க்கையும் துழாவிக்கொண்டிருந்தது. அப்புறம் எப்போதோ இணைத்த பிரிண்டருக்கு ஒன்று, பிடிஎஃப் படிப்பானுக்குப் புதுப்பிப்பு பார்க்க ஒன்று, கைபேசியை இணைக்க ஒன்று என்று சில்லறைகள். ஒவ்வொன்றும் 20, 30 எம்பிதான். ஆனால் 2 ஜிபியில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியது போக 1.9, அதில் இயங்குதளமே ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டது என்றால், மிச்சத்தில் சில்லறையும் கனக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, உலாவி. ஏழு தாவல்கள் திறந்திருந்தன. 2008-இல் கூகுள் குரோம் வந்தபோது, ஒரு தாவல் கவிழ்ந்தால் மற்றவை கவிழாமல் இருக்க அவற்றைத் தனித்தனி நிரல்களாக ஓட்டும் முறையைக் கொண்டு வந்தது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை வெளியான பிறகு, ஒரு தளத்தின் ரகசியத்தை இன்னொரு தளம் எட்டிப் பார்க்காதபடி பிரிவினை இன்னும் கடுமையானது. பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை ரேம். அந்த விலை நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். அலுவலக வேலைகள் பலவும் இன்று உலாவிக்குள் நடக்கின்றன. பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோ நிறுவன ஊழியர்கள் எழுதும் மென்பொருளும் பெரும்பாலும் அப்படி உலாவியில் ஓடுவதே. உலாவி இனி மெலியப்போவதில்லை. தாவல்களை எண்ணித் திறப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கே முதலில் வியப்பாக இருந்தது. "தெனமும் ஷட்டவுன் பண்ணித்தான் வைப்பேன்" என்று அவள் உறுதியாகச் சொன்னாள். திரையோ, கணினி 23 நாளாக ஓடுவதாகக் காட்டியது. இரண்டும் உண்மை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழுந்திருப்பதற்காக ஒரு ஏற்பாடு உண்டு: ஷட்டவுன் செய்யும்போது நம் நிரல்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் கருப்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கும், மறுநாள் அதையே திரும்ப எடுக்கும். ஏதேனும் ஒரு டிரைவர் வாங்கிய ரேமைத் திருப்பிக் கொடுக்காமல் கசியவிட்டால், அந்தக் கசிவும் மறுநாளைக்கு வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட். செலவில்லாத மருந்து.

வேலையைத் தொடங்கினோம். இரண்டு ஆன்டிவைரஸையும் நீக்கினோம். நீக்கியதும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக விழித்துக்கொண்டது. வேகமாக்கும் மென்பொருள் போனது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக முடக்கினோம். ஒரே நேரத்தில் பத்தைத் தட்டிவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாது என்பதால், ஒன்றை மாற்று, ரீஸ்டார்ட் செய், கடிகாரத்தைப் பார் என்று போனோம். பொறுமை வேண்டும். அந்தப் பெண்ணிடம் அது இருந்தது.

தொடாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். பேஜ்ஃபைலை நிறுத்தச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். பரணை இடித்துவிட்டால் சொளவு பெரிதாகாது. இடம் போதாத நிரல் பாதியில் கவிழும். புதுப்பிப்புகளை அடியோடு முடக்கச் சொல்வார்கள். அது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது. தேடல் அட்டவணை போடும் சேவையையும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டியதில்லை. புதிதாக எதையாவது ஏற்றியதும் சில மணி நேரம் துழாவிவிட்டுப் பெரும்பாலும் தானே அடங்கும். பட்டியலில் 'சிஸ்டம் ஐடில்' என்ற பெயரில் ஒன்று 85, 90 சதவீதம் காட்டும். அதை நிறுத்த முயல்பவர்கள் உண்டு. அது பிராசசர் சும்மா இருக்கும் நேரம்.

ஆன் செய்து உலாவி திறக்கும் வரை முதலில் 7 நிமிடம் 50 விநாடி. இப்போது 3 நிமிடம் 10. டிஸ்க் எண் சில நிமிடங்களில் 100-இலிருந்து இறங்கியது. ஆனால் வகுப்பு வீடியோவைப் போட்டதும் விசிறி இரைந்தது. இப்போது சிபியு 100.

இது வேறு கதை. வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகள் மாறிவிட்டன. 2011-ஆம் ஆண்டு கிராஃபிக்ஸ் சில்லுக்கு எச்.264 என்ற முறையைப் பிரிக்கத் தனி உறுப்பு உண்டு. பின்னால் வந்த விபி9, ஏவி1 முறைகளுக்குக் கிடையாது. அதனால் பிராசசரே ஒவ்வொரு படச்சட்டத்தையும் கையால் பிரிக்கிறது. தரம் 1080-இல் வைத்திருந்தாள். அப்படியானால் ஒரு சட்டத்துக்கு 20 லட்சம் புள்ளி. அந்தத் திரையில் இருப்பதோ 1366-க்கு 768, சுமார் பத்தரை லட்சம் புள்ளிதான். பாதியைப் பாடுபட்டுப் பிரித்துப் பிறகு வீசிக்கொண்டிருந்தது. 480-க்கு இறக்கினோம். வேலை ஐந்தில் ஒன்றானது. கரும்பலகை எழுத்து படிக்கத் தெளிவாகவே இருந்தது. பிறகு பின்புற மூடியைத் திறந்து, விசிறி வாயில் அடைத்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் எடுத்தோம். புகையிலைத் தூளும் அதில் கலந்திருந்தது. காற்று போகாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும்.

மூடியைத் திறந்ததில் இன்னொன்றும் தெரிந்தது: ரேமுக்கு இரண்டாவது செருகுவாய் காலியாக இருந்தது. பழைய விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் அதில் எதைச் செருகியும் பயன் இருந்திருக்காது. அந்தப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த உச்சவரம்பே 2 ஜிபி. இடையில் யாரோ 64 பிட் விண்டோஸ் 10 ஏற்றியிருந்தார்கள். அது நினைவக முகவரி ஒவ்வொன்றுக்கும் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் எடுப்பதால் 2 ஜிபியில் நெருக்கடியைக் கூட்டியது. ஆனால் இப்போது கதவைத் திறந்தும் விட்டது. பாவூர்சத்திரத்தில் ஒரு கடையில், இறந்துபோன மடிக்கணினியிலிருந்து கழற்றிய 2 ஜிபி டிடிஆர்3 துண்டு கிடைத்தது. செருகிய பிறகு 2 நிமிடம் 5 விநாடி. ஹார்டு ஃபால்ட்ஸ் எண் எழும்பி அடங்கத் தொடங்கியது.

அடுத்த படி ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. சுற்றும் தட்டும் நகரும் முனையும் இல்லாததால், ஒரு துண்டை எடுக்க 17 மில்லி விநாடிக்குப் பதில் 0.1 மில்லி விநாடி. சொளவுக் கணக்கில் சொன்னால் 47 மணி நேரம் 17 நிமிடமாகும். பழைய மடிக்கணினிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை. கூலி வரட்டும், பார்க்கலாம் என்றார் அம்மா.

திண்ணையில் இருந்து எழும்போது மனத்தில் ஓடிய கோபத்தையும் எழுதிவிடுகிறேன். நிரலாக்க மொழிகளின் முன்னோடி நிக்லாஸ் விர்த் 1995-இலேயே, வன்பொருள் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று எழுதினார். அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 எம்பி ரேம். 2001-இன் எக்ஸ்பிக்கு 64 எம்பி. 2009-இன் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி. 2021-இன் விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. 26 ஆண்டில் ஆயிரம் மடங்கு. இதில் பாதுகாப்பு இருக்கிறது, தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியும் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விண்ணப்பக் கடிதம் ஆயிரம் மடங்கு நீண்டுவிடவில்லை. புதுக் கணினியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுபவர்கள், அதை ஒருமுறையாவது 2 ஜிபி இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கீழப்பாவூரில் ஒருத்தி தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் அந்த நீலப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்போடு எழுத வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இந்தத் தலைமுறைக் கணினியில் இல்லை. ஆக இதற்கு மிச்சமிருக்கும் நல்ல வழி, இன்றும் புதுப்பிப்புகள் வரும் இலகுவான லினக்ஸ் ஒன்று. 2012-இல் இந்த வீட்டுக்கு வந்தபோதே லினக்ஸும் டிஸ்க்கில் இருந்தது. அண்ணன் அதைத் திறந்ததே இல்லையாம். யாரோ போட்ட முதல் ஃபார்மட்டில் போயிருக்கிறது. தேர்வு முடிந்ததும் ஏற்றிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். படிப்பு நடக்கும்போது ஓடுகிற வண்டியில் கை வைக்க வேண்டாம்.

"இந்த நம்பரையெல்லாம் எழுதி வச்சிக்கிடட்டுமா?" என்றாள். அவசியம் எழுது, அடுத்த தடவை மெதுவானால் எதோடு ஒப்பிடுவது என்றேன். தாளைத் தேடினாள். அம்மா சொளவைக் கீழே வைக்காமல், பக்கத்தில் கிடந்த பீடிக் கணக்கு நோட்டை நீட்டினார். முன்பக்கங்களில் தேதி வாரியாக இலை எடை, தூள் எடை, போட்ட பீடி எண்ணிக்கை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் எழுதினாள்: 7.50, 3.10, 2.05. கீழே, மெமரி 58, டிஸ்க் 6.